ஸ்பிரிங்க்ளர் வால்வை மூடும் முன்: தீத்தடுப்பு வேலைகளில் எந்த வழி யாருக்குப் பாதுகாப்பு?

ஏசியில் வேலை என்றால் ஏசியை நிறுத்துகிறோம். உள்ளே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பைப்பில் வேலை என்றால் நிறுத்தப்படுவது அந்தக் கட்டடத்தின் உயிர்க்காப்பு. பைப் துண்டுகளை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றுகிறவருக்கு அந்த பைப்பில் அழுத்தமே இருக்கக் கூடாது. மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ அதே பைப்பில் அழுத்தம் குறையவே கூடாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

அதனால் இந்தத் தொழிலில் பாதுகாப்புத் திட்டம் போடும்போது ஒவ்வொரு வழிக்கும் இரண்டு கணக்கு எழுத வேண்டும்: வேலை செய்பவருக்கு என்ன ஆபத்து, கட்டடத்துக்கு என்ன ஆபத்து. பெரும்பாலான பர்மிட் படிவங்கள் முதல் கணக்கோடு நின்றுவிடுகின்றன. ஒரு வழியைவிட இன்னொன்று 'பாதுகாப்பானது' என்று சொல்லும்போது, பல சமயம் ஆபத்து ஒரு கணக்கிலிருந்து மற்றதற்கு நகர்ந்திருக்கும், ஒழிந்திருக்காது. திட்டம் போடுகிறவர் முன்னால் வந்து நிற்கும் தெரிவுகளை அந்தக் கண்ணோடு ஒப்பிடலாம்.

இடத்திலேயே வெல்டிங்கா, பட்டறையில் செய்த பைப்பா

புதுக் கட்டடமோ பழைய கட்டடமோ, முதல் விருப்பம் ஒன்றுதான். வெட்டுவது, கிளை பற்றவைப்பது, கப்ளிங் பிடித்துக்கொள்ள முனையில் குரூவ் (பள்ளம்) போடுவது எல்லாம் வெளியே பட்டறையில் முடியட்டும். கட்டடத்துக்குள் தூக்கி மாட்டி, கப்ளிங் போல்ட்டை முறுக்கும் வேலை மட்டும் இருக்கட்டும்.

காரணம் தீப்பொறி. வெல்டிங், கிரைண்டிங், கேஸ் கட்டிங் எதுவானாலும் சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடிய பொருள் இருக்கக் கூடாது, அகற்ற முடியாததைத் தீ பிடிக்காத விரிப்பால் மூட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. வேலை முடிந்த பிறகும் ஒருவர் தீக் காவலுக்கு நிற்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 51பி தரநிலை இந்தக் காவல் நேரத்தை 2019 பதிப்பில் 30 நிமிடத்திலிருந்து 60 நிமிடமாக்கியது. ஆள் புழங்கும் கட்டடத்தின் சீலிங்குக்கு மேலே கேபிள், இன்சுலேஷன், பல வருடத் தூசி எல்லாம் கிடக்கும். அங்கே 11 மீட்டர் தூய்மை என்பது காகிதத்தில்தான் சாத்தியம். போதாததற்கு, ஸ்பிரிங்க்ளர் பைப்பில் வெல்டிங் செய்ய அந்தப் பகுதியின் தண்ணீரை முதலில் வடிக்க வேண்டும். நெருப்பை மூட்டப் போகும் இடத்தில் முன்கூட்டியே தண்ணீரை எடுத்துவிட்டு ஆரம்பிக்கும் வேலை இது.

பழைய கால்வனைஸ்டு பைப்பில் இன்னொரு கண்ணியும் உண்டு. தேங்கிய நீர் துத்தநாகப் பூச்சோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அது வரிசையின் உயரமான முனைகளில் சேர்ந்து நிற்கும். தண்ணீரை வடித்துவிட்டாலும் முழுக்க வெளியேறும் என்ற உறுதி இல்லை. அதில் கிரைண்டரை வைத்தால் பைப்புக்குள்ளேயே வெடிக்கும். ஆகவே பழைய வரிசையை முதலில் திறப்பது எப்போதும் குளிர்முறையில்தான்: உயரமான முனையில் ஒரு பிளக்கைக் கை ஸ்பேனரால் மெதுவாகத் தளர்த்தி, காற்றோட்டம் கொடுத்து, தண்ணீராலோ நைட்ரஜனாலோ கழுவி, வாயு அளவியால் பார்த்து, பிறகு சக்கர கட்டரால் வெட்டுவது.

பட்டறை பைப்பின் மறுபக்கம் எடை. 150 மி.மீ. ஷெட்யூல் 40 பைப் (ஷெட்யூல் எண் சுவரின் கனத்தைக் குறிக்கும்) மீட்டருக்கு 28 கிலோ. 6 மீட்டர் நீளம் கிட்டத்தட்ட 170 கிலோ. கிளைகள் பற்றவைத்து வந்தால் இன்னும் கூடும். அதோடு எடை மையம் நடுவில் இருக்காது, தூக்கும்போது ஒரு பக்கம் சாயும். ஷெட்யூல் 10 எடுத்தால் அதே நீளம் 83 கிலோவில் முடிகிறது. வடிவமைப்பு அனுமதித்தால் இந்த மாற்றம் ஒன்றே தலைக்கு மேல் நடக்கும் தூக்குவேலையைப் பாதியாக்குகிறது. பாதுகாப்புக் கூட்டத்தில் யாரும் பேசாத விஷயம் இது, ஏனென்றால் பைப் ஷெட்யூல் 'டிசைன்காரர் சமாச்சாரம்' என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

என்னதான் அளந்து செய்தாலும் சில துண்டுகள் பொருந்தாது. அவற்றைத் தளத்திலேயே வெட்டிக் குரூவ் போட வேண்டிவரும். குரூவிங், திரெடிங் இயந்திரங்களில் கைபோவது பெரும்பாலும் கையுறையால்தான்: சுழலும் பைப் கையுறை நுனியை உருளைக்குள் இழுத்துவிடும். கையுறை கழற்றி, முழுக்கை மடித்து, கால் சுவிட்சுடன் மட்டுமே ஓட்ட வேண்டும். நீளமான துண்டின் மறுமுனைக்கு உருளைத் தாங்கி இல்லையென்றால் அது சாட்டைபோல் அடிக்கும்.

சிறு அறைகளும் குறைந்த எரிபொருளும் உள்ள கட்டடங்களில் மூன்றாவது வழியாக சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் இருக்கிறது. தீப்பொறி இல்லை, எடையும் இல்லை. பதிலாக ஒட்டும் கரைப்பானின் எரியும் ஆவி, ஒட்டு உலரும் வரை காத்திருப்பு, சோதனையில் ஒரு தடை ஆகியவை வந்து சேர்கின்றன. அந்தத் தடை என்ன என்று பிறகு பார்ப்போம்.

உயரத்துக்கு எதில் ஏறுவது

ஏறாமல் முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. புகை டிடெக்டரைச் சோதிக்கவும் கழற்றி மாட்டவும் தரையிலிருந்தே 8, 9 மீட்டர் எட்டும் கம்புக் கருவிகள் உண்டு. வருடாந்திரச் சோதனையில் 300 டிடெக்டருக்கு 300 முறை ஏணி ஏறுவதும் தரையில் நின்றபடி முடிப்பதும் ஒப்பிடத் தேவையே இல்லாத கணக்கு. கண்ணாடி ஆட்ரியம்போல மிக உயர்ந்த கூரைகளில் காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் வகை டிடெக்டரை வடிவமைப்பிலேயே தேர்ந்தெடுத்தால், பராமரிப்பு கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும்.

ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் வேலையின் வகை முடிவு செய்யட்டும். ஒரு ஸ்பிரிங்க்ளர் ஹெட் மாற்றும் சில நிமிட வேலைக்கு ஏணி போதும்: நாலுக்கு ஒன்று சாய்வு, உச்சி கட்டப்பட்டிருக்க வேண்டும், ஒரு கை எப்போதும் பிடிக்குக் கிடைக்க வேண்டும். கான்கிரீட்டில் ஆங்கர் துளை போடும் வேலைக்கு ஏணி கூடவே கூடாது. டிரில் கம்பியில் சிக்கினால் உதறும். இரண்டு கையும் டிரில்லில் இருக்கும். ஏணியில் நிற்பவருக்குப் பிடி எதுவும் மிஞ்சாது. மேல்நோக்கித் துளையிடும்போது சிலிக்கா தூசி முகத்திலேயே விழும் என்பதால் உறிஞ்சி பொருத்திய டிரில் வேண்டும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016இல் வைத்த 8 மணி நேர சராசரி வரம்பு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், அதாவது கண்ணுக்குத் தூசி தெரிந்தாலே பெரும்பாலும் தாண்டியாகிவிட்டது.

மீதமுள்ள போட்டி நகரும் சாரத்துக்கும், ஆள் நிற்கும் தட்டைக் கத்தரிக்கால்களால் உயர்த்தும் சிஸர் லிஃப்டுக்கும் இடையில். நீளமான ஒரே வரிசையில் பைப்பைத் தாங்கும் தொங்கிகள் போட்டுக்கொண்டே போவதற்கு சிஸர் லிஃப்ட் வேகமானது; ஏறி இறங்கும் களைப்பும் இல்லை. அதில் விழுவது மட்டுமல்ல, நசுங்குவதும் பெரிய ஆபத்து. மேலே பார்த்துக்கொண்டே தட்டை உயர்த்துகிறவர் கைப்பிடிக் கம்பிக்கும் பீமுக்கும் நடுவில் மார்போடு மாட்டிக்கொள்கிறார். உடல் கட்டுப்பாட்டுக் குச்சியின் மேலேயே சாய்ந்து தட்டை இன்னும் உயர்த்துகிறது. கீழே நிற்பவருக்கு அவசர இறக்கு வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். காலையில் ஒருமுறை இயக்கிப் பார்த்திருந்தால்தான் தெரியும். சிறிய மின் லிஃப்டே ஒரு டன்னுக்கு மேல் எடை. உயர்த்தளத் தரையும் கேபிள் பள்ளத்து மூடிகளும் அதன் நாலு சக்கரப் புள்ளிச் சுமையைத் தாங்குமா என்று முன்பே கேட்க வேண்டும். பைப்பைக் கைப்பிடிக் கம்பியின் மேல் படுக்கவைத்துத் தூக்குவது எல்லாத் தளத்திலும் நடக்கிறது, உற்பத்தியாளர் கையேடுகளில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பைப்புக்குத் தனி மெட்டீரியல் லிஃப்ட், ஆளுக்குத் தனி லிஃப்ட்.

இயங்கும் கட்டடத்தில் இரண்டாம் கணக்கும் சேரும். தட்டின் மூலை ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஸ்பிரிங்க்ளர் ஹெட்டைத் தட்டினால், கே-80 ஹெட் (எண் அது கொட்டும் அளவைக் குறிக்கும்) 4 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 160 லிட்டர் கொட்டும். வால்வு எங்கே என்று தேடும் பத்து நிமிடத்தில் 1,600 லிட்டர். அந்தத் தளத்து வால்வின் இடத்தை லிஃப்ட் ஓட்டுபவருக்குக் காலையிலேயே காட்டிவிடுவது மலிவான ஏற்பாடு.

கூட்டமான இயந்திர அறையில், ஒரே இடத்தில் மூன்று நான்கு நாள் வேலை என்றால் சாரம்தான் மேல். ஆள் மேலே இருக்கும்போது அதை நகர்த்தாமல் இருப்பது ஒன்றே அதன் முக்கால் பங்கு பாதுகாப்பு.

தண்ணீர்ச் சோதனையா, காற்றுச் சோதனையா

பாதுகாப்பு என்ற சொல் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். கட்டடச் சொந்தக்காரருக்குத் தண்ணீர் பயம்: சீலிங் நனையும், மின்சாதனம் கெடும். 'காற்றில் சோதித்துவிடுங்கள், அழுத்தமும் குறைவுதானே' என்பார். அழுத்தம் குறைவுதான். உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

150 மி.மீ. ஷெட்யூல் 40 பைப் 100 மீட்டர் எடுத்துக்கொள்வோம். உள்கொள்ளளவு சுமார் 1.86 கன மீட்டர். என்எஃப்பிஏ 13 கேட்கும் வழக்கமான தண்ணீர்ச் சோதனை 13.8 பாரில் 2 மணி நேரம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுருங்குவதில் சேரும் ஆற்றல் ஏறத்தாழ 800 ஜூல். 80 கிலோ ஆள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். பைப்பில் தண்ணீருக்குப் பதில் காற்று நிற்கும் உலர் அமைப்புகளுக்குக் கேட்கப்படும் காற்றுச் சோதனை வெறும் 2.8 பார், 24 மணி நேரம், இழப்பு 0.1 பாருக்கு மேல் கூடாது. அந்த 2.8 பாரில் அதே பைப்பில் அடைபட்டிருப்பது சுமார் 5.5 லட்சம் ஜூல். ஒரு டன் கார் மணிக்கு 120 கிலோமீட்டரில் ஓடும்போது வைத்திருக்கும் ஆற்றல் அது. யாராவது அவசரப்பட்டுக் காற்றையே 13.8 பாருக்கு ஏற்றினால் 36 லட்சம் ஜூலைத் தாண்டிவிடும்.

தண்ணீரில் ஒரு மூடி தெறித்தால் ஒரு கணத்தில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. காற்றில் அந்த மூடி துப்பாக்கிக் குண்டு. பின்னால் தள்ள இன்னும் காற்று இருந்துகொண்டே இருக்கும். அதனால் இரண்டில் ஒன்று என்றால் தண்ணீர்தான். காற்றை அனுமதிக்கும் இடங்கள் மூன்று: உலர் அமைப்பின் கசிவுச் சோதனை, தண்ணீர் உறையும் குளிரில் இடைக்காலச் சோதனை, தண்ணீர் ஏற்றும் முன் திறந்த முனைகளைக் கண்டுபிடிக்கும் மிகக் குறைந்த அழுத்தச் சோதனை. மூன்றிலும் 2.8 பார்தான் உச்சவரம்பு. கம்ப்ரஸரில் ரெகுலேட்டர் மட்டும் போதாது, அந்த அளவை ஒட்டித் திறக்கும் ரிலீஃப் வால்வும் வேண்டும்; அழுத்தம் ஏறும்போது அந்தத் தளத்தில் ஆளே இருக்கக் கூடாது.

சிபிவிசிக்குச் சொன்ன தடை இதுதான்: அழுத்தக் காற்றில் அதைச் சோதிக்கவே கூடாது. இரும்பு பைப் தோற்றால் கப்ளிங்கில் தோற்கும். பிளாஸ்டிக் பைப் தோற்றால் சில்லுகளாகச் சிதறும்.

தண்ணீர் என்று முடிவு செய்துவிட்டதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. நாலு இடத்தில் தவறுகிறது.

முதலாவது, சிக்கிய காற்று. மேலே சொன்ன பைப்பில் நூறில் ஐந்து பங்கு கொள்ளளவில் காற்று தங்கி 13.8 பாருக்கு அழுத்தப்பட்டால் 1.8 லட்சம் ஜூல். தண்ணீர்ச் சோதனை என்ற பெயரில் காற்றுச் சோதனை நடக்கிறது. கீழிருந்து மெதுவாக நிரப்பி, உயரமான முனைகளின் வென்ட்டில் சீறல் அடங்கித் தண்ணீர் ஒரே தாரையாக வரும் வரை காத்திருக்க வேண்டும். பம்பை இயக்கியும் முள் மந்தமாக ஏறினால் எங்கோ காற்று இருக்கிறது. நிறுத்தி மறுபடி வென்ட் செய்வதுதான் வழி.

இரண்டாவது, தொங்கிகள். 150 மி.மீ. பைப்பில் தண்ணீர் நிறைந்ததும் மீட்டருக்கு 47 கிலோ. நாலரை மீட்டருக்கு ஒரு தொங்கி என்றால் ஒவ்வொன்றிலும் 210 கிலோ. தண்ணீர் நிறைந்த பைப்பின் எடையைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேல் 114 கிலோவும் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு விதி, அதாவது இங்கே 1,160 கிலோவுக்கு மேல். ஆனால் சரியாக விரியாத ஆங்கர் அந்தச் சுமையை முதன்முதலில் சந்திப்பது முதல் நிரப்பலின்போதுதான். நிரப்பும் நேரத்தில் வரிசைக்குக் கீழே கூட்டிப் பெருக்குகிறவர்கூட இருக்கக் கூடாது.

மூன்றாவது, கேஜ் இருக்கும் உயரம். பத்து மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பார். தளங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் செங்குத்து பைப்பான ரைசர் 60 மீட்டர் என்றால், அதன் உச்சியில் கேஜ் வைத்து 13.8 காட்ட வைத்தால் அடியில் 20 பாரை நெருங்கும். அங்குள்ள பாகங்கள் பெரும்பாலும் 12.1 பார் வேலை அழுத்தத்துக்கானவை. கேஜ் சோதிக்கப்படும் பகுதியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் இருக்க வேண்டும். உயரமான கட்டடமானால் பிரித்துப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

நாலாவதுதான் ஆளை அடிப்பது. ஒரு கப்ளிங் கசிகிறது. கேஸ்கட் மசகு போடாமல் மாட்டியதால் மடிந்திருக்கும், அல்லது குரூவ் ஆழம் பற்றாமல் இருக்கும். பார்த்தவர் ஸ்பேனரை எடுத்து 'ஒரு சுற்று முறுக்கினால் நின்றுவிடும்' என்கிறார். அழுத்தத்தில் இருக்கும் போல்ட்டை முறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. அழுத்தத்தை இறக்கிவிட்டோம் என்பதற்குக் கேஜ் முள் சாட்சி ஆகாது, ஏனெனில் கேஜுக்கும் அந்தக் கப்ளிங்குக்கும் நடுவில் ஒரு வால்வோ, ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வோ மூடியிருக்கலாம். அந்தக் கப்ளிங்குக்கு அருகிலுள்ள டிரெயினைத் திறந்து, தண்ணீர் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்பேனர். சோதனை முடிந்த பைப்பை இரு பக்கமும் மூடி நிரம்பிய நிலையில் வெயிலில் விடுவதும் இதே இனம்: தப்பிக்க இடமில்லாத தண்ணீரில் ஒரு டிகிரி வெப்பம் ஏறினாலே சில பார் ஏறும்.

ஒரேயடியாக அடைப்பதா, தளம் தளமாக அடைப்பதா

இருபது தளக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் ஹெட் மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி, வார இறுதியில் பிரதான வால்வை மூடி, எல்லாத் தண்ணீரையும் வடித்து, இரண்டு இரவில் முடிப்பது. இன்னொன்று, தினம் ஒரு தளமாக, அந்தத் தளத்து வால்வை மட்டும் மூடி, மாலைக்குள் திறப்பது.

பணியாளர் கணக்கில் ஒரே அடைப்பு கவர்ச்சியானது. ஒரு வால்வு, ஒரு பூட்டு, வடிந்த பைப். எங்கே கைவைத்தாலும் தண்ணீர் இல்லை. விலை: இருபது தளமும் அந்த நேரம் முழுவதும் நிராயுதபாணி. கூடவே இரவு வேலையின் களைப்பு, மறுபடி நிரப்பும்போது ரைசர் முழுக்கக் காற்று, அவசரமாகத் திறந்தால் வாட்டர் ஹாமர் (தண்ணீர் பைப்பில் மோதும் அழுத்த அதிர்ச்சி). தளம் தளமாகப் போனால் எந்த நேரத்திலும் பத்தொன்பது தளத்துக்குக் காப்பு இருக்கும். ஆனால் இருபது முறை மூடித் திறக்க வேண்டும், திறக்க மறக்க இருபது வாய்ப்பு. இது சின்ன விஷயமல்ல. அமெரிக்காவில் ஸ்பிரிங்க்ளர் இருந்தும் இயங்காமல் போன தீ விபத்துகளை என்எஃப்பிஏ ஆராய்ந்தபோது மிகப் பெரிய காரணமாக வந்தது, அமைப்பு மூடப்பட்டிருந்ததுதான்.

நியூயார்க்கில் இடிப்பில் இருந்த டாய்ச் பேங்க் கட்டடத்தில் 2007 ஆகஸ்ட் 18 அன்று தீப்பிடித்தபோது, தீயணைப்பு ரைசரின் ஒரு துண்டு அடித்தளத்தில் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. கீழே செலுத்திய தண்ணீர் மேலே போகவில்லை; இரு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பிலடெல்பியாவின் 38 தள ஒன் மெரிடியன் பிளாசாவில் 1991 பிப்ரவரியில் அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் ஹோஸில் போதிய தண்ணீர் வரவில்லை. மூன்று வீரர்கள் இறந்தார்கள். 22ஆம் தளத்தில் தொடங்கிய அந்தத் தீ, ஸ்பிரிங்க்ளர் போட்டிருந்த 30ஆம் தளத்தில் பத்து ஹெட்டுகள் திறந்ததும் அங்கேயே நின்றது. தண்ணீர் இருக்கும் ஒரு தளத்தின் மதிப்பு அது. ஆகவே என் பரிந்துரை தளம் தளமாகத்தான், திறப்பைச் சரிபார்க்கும் ஒழுங்கு இருந்தால் மட்டும்.

ஒழுங்கு என்பது இவ்வளவுதான். மூடும்போது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று அட்டையில் எழுதுவது. திறக்கும்போது அதே எண் வர வேண்டும். மூடிய வால்வில் பூட்டு, அட்டை. அதே செய்தி தீ அலாரம் பேனலிலும், தீயணைப்புத் துறை ஹோஸ் பொருத்தும் இணைப்பிலும். மூடிய பிறகு டிரெயினைத் திறந்து வடிவது நிற்கிறதா என்று பார்ப்பது. சில நிமிடத்துக்கு மேலும் சீராக ஓடினால் வால்வு பிடிக்கவில்லை. அந்தக் கசிவோடு ஒரு ஹெட்டை மாற்றிவிடலாம், 150 மி.மீ. கப்ளிங்கைத் திறக்க முடியாது, அந்தத் தளத்துக்குப் பிரதான அடைப்பே வேண்டும். வேலை நடுவில் தீப்பிடித்தால் பைப்பை உடனே மூடத் தேவையான பிளக்கும் மூடியும் தள்ளுவண்டியிலேயே இருக்க வேண்டும், ஸ்டோரில் அல்ல.

திறந்த பிறகு பிரதான டிரெயினை முழுக்கத் திறந்து, ஓட்டத்தின்போது கேஜ் என்ன காட்டுகிறது என்று பார்த்து, முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் இறக்கம் இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போகக் கூடாது. முன்பு 5.5 பார் காட்டியது இன்று 4.2 என்றால் எங்கோ ஒரு வால்வு பாதி திறந்திருக்கிறது. ஓட்டமில்லாத அழுத்தம் மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பாதி திறந்த வால்வும் முழு அழுத்தம் காட்டும்.

நேர வரம்பும் திட்டத்திலேயே இருக்கட்டும். 24 மணி நேரத்தில் ஸ்பிரிங்க்ளர் 10 மணி நேரத்துக்கு மேலோ, அலாரம் 4 மணி நேரத்துக்கு மேலோ செயலிழந்தால் பாதிக்கப்பட்ட பகுதியைக் காலி செய்ய வேண்டும் அல்லது தீக் காவல் போட வேண்டும் என்பது என்எஃப்பிஏ விதி. பத்து மணி நேரம் வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சிலர் இதைப் படிக்கிறார்கள். தீப்பொறி வேலை சேர்ந்திருந்தால் முதல் நிமிடத்திலிருந்தே காவல் வேண்டும். காவலாளிக்கு வேறு வேலை எதுவும் தரக் கூடாது.

வால்வே இல்லாத இடத்தில் திரவ நைட்ரஜனால் பைப்பை உறையவைத்து ஐஸ் அடைப்பு உண்டாக்கும் முறை ஒன்று உண்டு. ஓட்டம் முற்றிலும் நின்றிருந்தால்தான் உறையும். சிறிய அறையில் ஆவியாகும் நைட்ரஜன் ஆக்சிஜனைத் துரத்திவிடும். ஒருமுறை அடைத்து அங்கே நிரந்தர வால்வு போடும் வரைக்கான கருவி அது, பழக்கமாக்கத் தக்கதல்ல.

ரைசரையே வடிப்பதானால் பம்பை மறக்க வேண்டாம். அழுத்தம் இறங்கினால் பம்ப் தானாக ஓடும். அதற்குத்தான் அது இருக்கிறது. முதலில் பிரதான பம்பை நிறுத்தி, பிறகு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் சிறிய ஜாக்கி பம்ப். வரிசை மாறினால் ஜாக்கி நின்றதும் அழுத்தம் சரிந்து பிரதான பம்ப் கிளம்பிவிடும். திரும்ப வைக்கும்போது நேர்மாறு: ஜாக்கி அழுத்தத்தை ஏற்றிய பின் பிரதான பம்ப் தானியங்கி நிலைக்கு. டீசல் பம்பில் பேட்டரி இரண்டு தொகுதி. ஒன்றைக் கழற்றினாலும் கன்ட்ரோலர் அடுத்ததைப் பிடித்து, 15 விநாடி சுற்றி 15 விநாடி ஓய்ந்து ஆறு முறை முயலும். பெல்ட்டில் கைவைக்கும் முன் இரண்டும் கழன்றிருக்க வேண்டும்.

வாயு அமைப்பு: பேனல் சுவிட்சா, ஆக்சுவேட்டரா, பூட்டு வால்வா

கார்பன் டை ஆக்சைடு வெள்ளமாகப் பாயும் அறையில் இந்தத் தெரிவுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. தீயை அணைக்க அறையில் குறைந்தது 34 சதவீதம் தேவை. 10 சதவீதத்தைத் தாண்டினாலே மயக்கம் வெகு சீக்கிரம், 17க்கு மேல் ஒரு நிமிடத்துக்குள் சாவு. அணைக்கும் அளவு கொல்லும் அளவைப்போல் இரண்டு மடங்கு.

பேனலில் 'முடக்கு' பொத்தானை அழுத்துவது எளிது, அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். அது மின்னணுத் தடை மட்டும். 1998 ஜூலையில் அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வக வளாகத்தில் மின் பராமரிப்பின்போது வாயு அமைப்பு இப்படித்தான் பேனல் வழியாக மட்டும் முடக்கப்பட்டிருந்தது. பிரேக்கர்களைத் திறந்துகொண்டே வந்தபோது எச்சரிக்கை மணிகூட இல்லாமல் வாயு பாய்ந்தது. ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

சிலிண்டர் வால்வை ஊசியால் தட்டித் திறக்கும் ஆக்சுவேட்டரை அதன் தலையிலிருந்து கழற்றி வைப்பது அதைவிட மேல்: மின்சாரம் என்ன செய்தாலும் தட்டுவதற்கு ஊசி இல்லை. இதன் ஆபத்து திரும்ப மாட்டும்போது. சோதனையில் இயங்கிய ஆக்சுவேட்டரின் ஊசி வெளியே நீட்டியபடியே நிற்கும். அதை ரீசெட் செய்யாமல் வால்வில் திருகினால் கையில் இருக்கும்போதே சிலிண்டர் கொட்டும். பராமரிப்பில் தவறுதலாக வாயு பாய்வதற்குப் பழகிப்போன காரணம் இது. ஊசி உள்ளே போயிருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் திருக வேண்டும்.

பைப்பில் நேரடியாக அமைத்த பூட்டு வால்வுதான் மூன்றிலும் உயர்ந்தது. வாயு கிளம்பினாலும் அறைக்கு வராது. சாவி உள்ளே போகிறவரின் பையில். மூடியிருப்பதைப் பேனல் காட்டிக்கொண்டே இருக்கும், ஆகவே திறக்க மறப்பதும் தெரியும். புதிதாகப் போடும் கார்பன் டை ஆக்சைடு அமைப்பில் இதைத் தவிர்க்க எந்தச் சாக்கும் இல்லை.

மந்த வாயு, ஹேலோகார்பன் அமைப்புகளில் மூச்சு ஆபத்து குறைவு. சிலிண்டர் ஆபத்து குறைவதில்லை. மந்த வாயு சிலிண்டர் 200 அல்லது 300 பார். வெளியேறும் வாயில் பாதுகாப்பு மூடி போடாமல் அதைத் தாங்கியிலிருந்து அவிழ்த்து, அப்போது வால்வு திறந்துவிட்டால் சிலிண்டர் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். வரிசை மாறவே கூடாது: ஆக்சுவேட்டரைக் கழற்று, ஹோஸைக் கழற்று, மூடியைப் போடு, அதன் பிறகே பட்டையை அவிழ்.

தண்ணீர்த் தொட்டி: வடிப்பதா, முக்குளிப்பதா, கருவியை விடுவதா

தீயணைப்புத் தொட்டியின் உட்புறத்தை மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வடித்துவிட்டு ஆளை இறக்கினால் கட்டடத்துக்குத் தண்ணீர் இல்லை, இறங்கியவருக்குக் காற்றும் சந்தேகம்: மூடிய எஃகுத் தொட்டியில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளந்து 19.5க்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் இறங்கலாம். வெளியே ஒருவரும், கயிற்றோடு கூடிய தூக்கி முக்காலியும் கட்டாயம். முக்குளிப்பவரை அனுப்பினால் தண்ணீர் மிஞ்சுகிறது, ஆனால் உறிஞ்சு குழாய் வாய்க்கு அருகில் அவர் இருக்கும்போது பம்ப் தானாகக் கிளம்பினால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பம்பைப் பூட்டித்தான் இறக்க வேண்டும், பூட்டினால் கட்டடத்தின் கணக்கு மறுபடி சுழிக்கே வருகிறது.

கேமரா பொருத்திய நீர்மூழ்கிக் கருவிக்கு இரண்டு கணக்கிலும் செலவில்லை. அது பூச்சின் கொப்புளத்தையும் அடி வண்டலின் ஆழத்தையும் காட்டும், சரிசெய்யாது. இரண்டு அறையாகப் பிரித்த தொட்டி இருந்தால் முதலில் கருவியால் இரண்டையும் பார்த்து, பழுது இருக்கும் அறையை மட்டும் வடித்து, மற்றதிலிருந்து பம்ப் இழுக்கும்படி வால்வுகளை மாற்றி, அதற்குப் பிறகு ஆளை இறக்கலாம். ஒற்றை அறைத் தொட்டி என்றால் வடிக்கும் நாளுக்கு முன் மாற்றுத் தண்ணீர் வந்து நிற்க வேண்டும்.